பீடிச் சட்டமும் வீட்டில் சுற்றுவோரின் வேலைப்பளுவும்

பணிநிறைவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்தே தொடங்குகின்றன. மைசூரு மண்டி மொஹல்லா போன்ற பழைய பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கோ வீடே பணியிடம். அவர்களது வேலைப்பளுவின் வரலாற்றை 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் வாசிக்கலாம். இலையும் தூளும் பெற்று வீட்டில் சுற்றுவோரையும் அச்சட்டம் தொழிலாளர் என ஏற்றது. பீடி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினர். மங்களூர் கணேஷ் பீடி வொர்க்ஸ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

ஆயினும், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு ‘தொழில் வளாக’த்துக்கு மட்டுமே உரியதாயிருந்தது, அதன் வரையறையோ குடியிருப்பு வீட்டை வெளிப்படையாகவே விலக்கியது. ஆளைச் சேர்த்துக்கொண்ட சட்டம் அவரது நேரத்தை வெளியே விட்டுவிட்டது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக்கணக்கு. ஆகவே சமையலுக்கு எழுந்த நேரத்தை இரவில் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு மேல், சுற்றியதில் எத்தனை கழிக்கப்படுமோ என்னும் அச்சம். இது வெறும் மனநிலை அன்று. கழிக்கப்பட்ட பீடி, அதற்கான கூலி, வழங்கப்படும் மூலப்பொருள் ஆகியவை பற்றிய தகராறுகளை விரைந்து தீர்க்கத் தனி அதிகார அமைப்பு வேண்டுமென அதே சட்டமே கருதியிருந்தது.