தொழில்முறைச் சேவைகளின் பன்னாட்டு வணிகமும் வளரும் நாடுகளும்

தொழில்முறைச் சேவைகளின் பன்னாட்டு வணிகம் என்பது, சட்டம், கணக்காய்வு, பொறியியல், கட்டடக்கலை, மருத்துவம், செவிலியம் போன்று தனிக் கல்வித் தகுதியும் பெரும்பாலும் உரிமமும் தேவைப்படும் பணிகளை ஒரு நாட்டவர் பிற நாட்டவருக்குக் கட்டணம் பெற்று வழங்குவதாகும். பண்டங்களின் வணிகத்திற்குச் சுங்கவரி முதன்மைத் தடையாக இருந்து வந்துள்ளது. இச்சேவைகளின் வணிகத்திற்கோ உரிமம், பட்ட ஏற்பு, நுழைவுச்சான்று (விசா) ஆகியவையே முதன்மைத் தடைகள். படித்த இளைஞர்களைப் பெருமளவில் கொண்ட இந்தியா போன்ற வளரும் நாடுகளுக்கு இவ்வணிகம் ஒரு முக்கிய வாய்ப்பாகக் கருதப்படுகிறது. எனினும், பணி மட்டும் கணினி வழியே எல்லை கடக்கும்போது இருக்கும் எளிமை, பணியாளரே எல்லை கடக்கும்போது இருப்பதில்லை.

வரையறை

உலக வணிக அமைப்பின் சேவை வணிகத்திற்கான பொது உடன்பாடு (காட்ஸ்) 1994 இல் மொரோக்கோவின் மராக்கேசு நகரில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்பாட்டுப் பேச்சுகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட துறைப் பட்டியலில் தொழில்முறைச் சேவைகள், வணிகச் சேவைகளின் ஓர் உட்பிரிவாக இடம்பெறுகின்றன. கணினிச் சேவைகள் அப்பட்டியலில் தனி உட்பிரிவாகும். ஆயினும் நடைமுறையில் பொறியியல் வடிவமைப்பு, கணக்குப் பணி முதலியன கணினி வழியே அனுப்பப்படுவதால் இவ்விரண்டையும் முற்றிலும் பிரிப்பது கடினம்.

வழங்கல் முறைகள்

காட்ஸ் உடன்பாடு சேவை வணிகத்தை நான்கு முறைகளாகப் பிரிக்கிறது.

1. எல்லை கடந்த வழங்கல்: சேவை மட்டும் எல்லை கடக்கிறது. எ.கா: சென்னையில் வரையப்படும் ஊர்திப் பாக வரைபடம் வெளிநாட்டு நிறுவனத்திற்கு இணையம் வழியே அனுப்பப்படுதல்.
2. வெளிநாட்டில் நுகர்தல்: நுகர்வோர் எல்லை கடக்கிறார். எ.கா: வங்காளதேச நோயாளி சென்னைக்கு வந்து மருத்துவம் பெறுதல்.
3. வணிக இருப்பு: நிறுவனம் பிற நாட்டில் கிளையோ துணை நிறுவனமோ தொடங்குகிறது.
4. ஆட்களின் வருகை: பணியாளர் தற்காலிகமாகப் பிற நாடு சென்று சேவை வழங்குகிறார்.

பொதுவாக, மூலதனம் மிகுந்த வளர்ந்த நாடுகள் மூன்றாம் முறையைத் திறந்துவிடுமாறு கோருகின்றன. மனித வளம் மிகுந்த வளரும் நாடுகள் நான்காம் முறையைத் திறந்துவிடுமாறு கோருகின்றன. வளரும் நாடுகளின் பங்கேற்பு பெருக வேண்டும் என்று உடன்பாட்டின் 4 ஆம் உறுப்பு கூறினாலும், நான்காம் முறையில் நாடுகள் அளித்துள்ள வாக்குறுதிகளே மிகக் குறுகியவை.

சென்னையின் தென்புறநகர்

சென்னைக்குத் தெற்கே ஜி. எஸ். டி. சாலையை ஒட்டிய பகுதி, பண்ட ஏற்றுமதியிலிருந்து சேவை ஏற்றுமதிக்கு நிகழ்ந்த நகர்வைத் தெளிவாகக் காட்டுகிறது. தாம்பரத்தில் 1984 இல் அமைந்த சென்னை ஏற்றுமதி வலயத்தில் பின்னர் மென்பொருள் நிறுவனங்களும் இடம்பெற்றன. மறைமலை நகருக்குத் தெற்கே, பரனூர் அருகேயுள்ள மகிந்திரா உலக நகரில் இன்போசிஸ் நிறுவன வளாகமும், ரெனோ-நிசான் கூட்டணியின் தொழில்நுட்ப மையமும் செயல்படுகின்றன. இத்தகைய மையம் வெளிநாட்டு முதலீடு என்ற வகையில் மூன்றாம் முறையைச் சேர்ந்தது. அங்கிருந்து வெளிநாட்டிற்குச் செல்லும் வடிவமைப்புப் பணியோ முதல் முறையைச் சேர்ந்தது.

மறைமலை நகரிலிருந்த போர்டு மகிழுந்து ஆலையின் வரலாறு இதில் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022 இல் மகிழுந்து உற்பத்தி நின்றது. ஆனால் அதே நிறுவனத்திற்காகச் சென்னையை முதன்மையாகக் கொண்டு பொறியியல், நிதி, தகவல் தொழில்நுட்பப் பணிகளைச் செய்துவந்த பிரிவு மூடப்படவில்லை. 2021 அறிவிப்பின்போது இந்தியாவில் அப்பிரிவின் பணியாளர் எண்ணிக்கை 11,000 க்கும் மேல் என்று நிறுவனம் தெரிவித்தது. பொறியியல் பட்டதாரிகளின் வேலை நிலைத்தபோதும், ஆலைத் தொழிலாளர்களும் உதிரிப்பாகத் தொழிற்கூடங்களில் பணியாற்றியோரும் வேலை இழப்பை எதிர்கொண்டனர். சேவை ஏற்றுமதியின் பயன் எல்லாத் தரப்பினரையும் சென்றடைவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

பட்ட ஏற்பு

ஒரு நாட்டின் பட்டம் பிற நாட்டில் செல்லுமா என்பது இவ்வணிகத்தின் அடிப்படைக் கேள்வியாகும். 1930 இல் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு அளித்திருந்த ஏற்பை விலக்கிக்கொண்டது. இதன் விளைவாக 1933 இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, உள்நாட்டில் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு உருவாகவும் வெளிநாட்டு ஏற்பு ஒரு காரணமாயிற்று.

காட்ஸ் உடன்பாட்டின் 7 ஆம் உறுப்பு, நாடுகள் தமக்குள் பட்ட ஏற்பு ஒப்பந்தங்கள் செய்துகொள்ள இடமளிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. பொறியியல் கல்வியில் இந்தியா 2014 இல் வாசிங்டன் உடன்படிக்கையின் நிலையான உறுப்பினரானது. எனினும், தேசியத் தரச்சான்று வாரியம் உரிய நிலையில் சான்றளித்த பாடப்பிரிவுகளுக்கு மட்டுமே அதன் பயன் கிடைக்கும். எனவே ஒரே ஊரின் இரு கல்லூரிகளில் ஒரே பட்டம் பெற்ற இருவரின் நிலையும் வெளிநாட்டில் வேறுபடலாம். இந்தியாவும் சிங்கப்பூரும் 2005 இல் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாட்டைச் செய்துகொண்டன. அதன்கீழ்ச் செவிலியருக்கான பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம் 2018 ஜூனில்தான் கையெழுத்தானது.

நுழைவுச்சான்றுத் தடைகள்

ஐக்கிய அமெரிக்காவின் எச்-1பி நுழைவுச்சான்று, நான்காம் முறைக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். 1990 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பை விதித்தது. காட்ஸ் உடன்பாட்டில் அந்நாடு அளித்த வாக்குறுதியும் இதே எண்ணிக்கைதான். 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக உயர்த்தப்பட்ட வரம்பு, பின்னர் மீண்டும் 65,000 ஆயிற்று. அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 இடங்கள் உள்ளன. நுழைவுச்சான்றுக் கட்டண உயர்வை எதிர்த்து இந்தியா 2016 மார்ச்சில் உலக வணிக அமைப்பில் கலந்தாய்வு கோரியது. 2025 செப்டம்பரில், புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கும் அறிவிப்பை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வெளியிட்டார்.

சட்டத்தொழிலும் சென்னை வழக்கும்

தடை விதிப்பவை வளர்ந்த நாடுகள் மட்டுமல்ல. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர்களே சட்டத்தொழில் புரிய உரிமை உடையவர்கள். வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் பணிபுரிவதை எதிர்த்து 2010 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. இது ஏ. கே. பாலாஜி வழக்கு என அறியப்படுகிறது. 2012 பிப்ரவரி 21 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

- உரிய தகுதியின்றி வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் சட்டத்தொழில் புரிய இயலாது.
- தம் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை வழங்கத் தற்காலிகமாக வந்து செல்வதற்குத் தடையில்லை.
- பன்னாட்டு வணிக நடுவர் தீர்ப்பாயங்களில் பங்கேற்கவும் தடையில்லை.

2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் சில மாற்றங்களுடன் இதனை உறுதி செய்தது. பின்னர் இந்திய வழக்கறிஞர் மன்றம் 2023 மார்ச்சில் விதிகளை வெளியிட்டு, நீதிமன்றம் சாராப் பணிகளில் பதிவு பெற்ற வெளிநாட்டு வழக்கறிஞர்களைப் பரஸ்பர அடிப்படையில் அனுமதிக்க வழிவகுத்தது. இவ்விதிகள் 2025 மே மாதத்தில் திருத்தப்பட்டன.

பலதரப்பு விதிகள்

1998 இல் உலக வணிக அமைப்பு கணக்கியல் துறைக்கான உள்நாட்டு ஒழுங்குமுறை நெறிகளை ஏற்றது. சேவைப் பேச்சுகள் முடிவுறும்போது அவற்றை நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டது, அப்பேச்சுகள் முடிவுறவில்லை. 2021 டிசம்பரில் உறுப்பு நாடுகளுள் ஒரு பகுதியினர், உரிமம் வழங்கும் நடைமுறைகளை எளிமையாக்கும் விதிகளை உருவாக்கினர். இம்முயற்சியில் இந்தியா இணையவில்லை.

கருத்து வேறுபாடுகள்

ஆதரவாளர்கள், இவ்வணிகம் அந்நியச் செலாவணியையும் தொழில்நுட்ப அறிவையும் ஈட்டித் தருவதாகக் கூறுகின்றனர். எதிர்ப்பாளர்கள், பொதுப் பணத்தில் பயின்ற மருத்துவரும் செவிலியரும் வெளியேறுவதால் ஏழை நாடுகளின் மருத்துவத் துறை நலிவதைச் சுட்டுகின்றனர். பிறநாட்டுக் கதவுகள் திறக்க வேண்டும் என்று கோரும் நாடு, தன் நாட்டில் சட்டம் போன்ற துறைகளை மூடிவைத்தால் பேச்சுகளில் அதன் வலு குறையும் என்ற கருத்தும் உள்ளது. சிறு வழக்கறிஞர்களும் கணக்காய்வாளர்களும் பெரும் பன்னாட்டு நிறுவனங்களுடன் போட்டியிட இயலாது என்பது இதற்குக் கூறப்படும் மறுப்பு.

இவற்றையும் பார்க்க

- உலக வணிக அமைப்பு
- மூளை வடிகை
- மறைமலை நகர்
- சென்னை உயர் நீதிமன்றம்