வளரிளம் வீராங்கனைகளின் இரும்புச்சத்துக் குறைபாடு

ஓட்டம், கபடி, கால்பந்து, நீச்சல் என எதில் தீவிரப் பயிற்சி பெற்றாலும், வளரிளம் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் சத்துக்குறைபாடு இது. ரத்தசோகையும் இதுவும் ஒன்றல்ல. உடலில் சேமித்த இரும்பு முதலில் கரைகிறது. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசிக் கட்டத்தில்தான். அதனால் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பப்படும் பெண்ணுக்கும் குறைபாடு இருக்கலாம். காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், குறைந்துகொண்டே வரும் வேகம் ஆகியவை சோம்பலாகப் பார்க்கப்படுவது இந்த வயதுப் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போதும், கடும் பயிற்சிக்கு மறுநாளும் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். எனவே ஓய்வுக்குப் பின் ரத்தம் கொடுப்பதே சரி.

வளர்ச்சிக்கும் தசைக்கும் இரும்பு தேவைப்படும் அதே வயதில் மாதவிடாய் தொடங்குகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். நெடுந்தூர ஓட்டத்தில் பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சிதைகின்றன. நெடுநடை சென்ற படைவீரர் ஒருவரின் சிறுநீர் சிவந்ததை 1881-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபிளைஷர் பதிவு செய்தார். வியர்வையிலும் குடலிலும் சிறிது இழப்பு உண்டு. இவற்றோடு ஹெப்சிடின் என்ற கல்லீரல் ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் அது உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. எடை கூடிவிடும் என்று அரை வயிறு சாப்பிடுவது எல்லாவற்றையும் மோசமாக்கும்.

இந்தியாவில் இந்தப் பெண்கள் தொடங்கும் இடமே தாழ்வானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குறைபாடு வராமல் தடுப்பதற்கான அளவு அது. வந்துவிட்ட குறைபாட்டுக்கு மருத்துவர் வேறு அளவு எழுதித்தர வேண்டும்.

கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றின் இரும்பு குறைவாகவே உடலில் சேரும்; ஈரல், இறைச்சி, மீனில் உள்ளது எளிதாகச் சேரும். சைவம் சாப்பிடுபவர்கள் கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பதை விட்டாலே பாதி நன்மை.

மாத்திரையைக் காலையில், ஹெப்சிடின் உயரும் முன், பயிற்சிக்கு முன்போ முடிந்த உடனேயோ போடுவது நல்லது. தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உறிஞ்சப்படுவதை ஜூரிச் ஆய்வுகள் காட்டியுள்ளன. வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் குறையக்கூடும். மலம் கறுப்பது இயல்பே. பரிசோதிக்காமல் அணி முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் பழக்கம் தவறு: மிகுந்துபோன இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. ஊசிவழி இரும்பு, மாத்திரை பலிக்காதபோது மருத்துவமனையில் தருவது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது. சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் ஆகும்.