லயத்து இஸ்தோப்பில் நடந்த பள்ளிக்கூடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் கண்ட ஒரு காட்சியை என்னால் மறக்க இயலவில்லை. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி. வெளிநாட்டுத் தம்பதியர் தம் மகனுடன் அங்கு இறங்கினார்கள். பத்து வயது மதிக்கத்தக்க அந்தச் சிறுவன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, நிலையத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டான். தண்டவாளத்தின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்தான். பேச்சுக் கொடுத்தேன். அவனைத் தாங்கள் பாடசாலைக்கு அனுப்புவதில்லை என்றார் தாயார். தங்கள் ஊரில் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பிள்ளைகளுக்குத் தாங்களே கற்பிப்பதாகவும், இத்தகைய பயணங்களும் அந்தப் படிப்பின் ஒரு பகுதியே என்றும் விளக்கினார்.

அதே வேளையில் பாடசாலை விட்டு, தண்டவாளத்தின் ஓரமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் நின்று அந்தச் சிறுவனை வேடிக்கை பார்த்தார்கள். "ஹோர்ட்டன் சமவெளிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "இல்ல சேர்" என்றான் மூத்தவன். அங்கிருந்து அந்தச் சமவெளி பத்துக் கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது.

பாடசாலை வேண்டாம் என்று சொல்லிப் பயணம் செய்து கற்கும் பிள்ளை ஒருபுறம். பாடசாலைக்குப் போவதற்கே மூன்று தலைமுறை போராடிய சமூகத்தின் பிள்ளைகள் மறுபுறம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வரலாற்றைப் பற்றியே இக்கட்டுரை.

வீட்டுக் கல்வி என்பது மலையகத்துக்குப் புதியதன்று. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்ட நாள்முதல், பல பத்தாண்டுகள் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி அது ஒன்றே. எழுத்தறிந்த ஒருவரைக் கங்காணியோ பெற்றோரோ அமர்த்திக்கொள்வார்கள். வேலை முடிந்த பின் லயத்து இஸ்தோப்பில், அதாவது வரிசை வீடுகளின் முன்திண்ணையில், பிள்ளைகள் கூடுவார்கள். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் தோட்டத்து வடிவம் இது. மணலில் விரலால் எழுதுவது, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்வது என்பன திண்ணைப் பள்ளியின் முறைகள். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இம்முறையைக் கண்டு வியந்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கு அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது.

இங்கு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். தோட்டங்களுக்கு வந்தவர்களில் கணிசமானோர், சொந்த ஊரின் திண்ணைப் பள்ளிகளுக்குள் நுழைய முடியாதபடி சாதியால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் திண்ணைப் பள்ளி பழம்பெருமையன்று. கடல் கடந்து வந்த பிறகே அது கைக்கு எட்டியது. அதுவும் எல்லாத் தோட்டங்களிலும் அன்று. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் பள்ளிகளை நடத்தியது. எஞ்சிய இடங்களில் பிள்ளையின் கல்வி, கங்காணியின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

அரசாங்கம் விழித்துக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டங்களையும் தொட்டது. 1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத்துரையின் கடமை என விதித்தது. ஏட்டில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளின் பின், 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்நிலத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைப் பாருங்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். கல்வி பத்து வயதோடு முடிந்துவிட வேண்டும் என்பதும், அதன் பின் அந்தக் கைகள் கொழுந்துக்கு வேண்டும் என்பதும் இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் விளங்கும்.

தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். ஐந்து வகுப்புகளும் அந்த அறைக்குள் ஒரே நேரத்தில் நடக்கும். தொழிலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவரும் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவரும் அந்த ஆசிரியரே. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அதன் பயன் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடப்பட்டன. இந்த நீண்ட இடைவெளியை நிரப்பியவர்கள் தோட்டத்து இளைஞர்களே. நாலெழுத்துப் படித்தவர்கள் அரிக்கன் விளக்கை ஏற்றி வைத்து, பல தோட்டங்களில் இராப் பாடசாலைகள் நடத்தினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் பிரட்டுக்களத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அங்கு தம் பெயரை எழுதப் பழகினார்கள்.

1977ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி அவ்வாண்டில் தொடங்கி 1980 அளவில் நிறைவெய்தியது. பின்னர் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. மலையகத்து இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டார்கள். அதே 1977இல்தான் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஹோல்ற் என்ற கல்வியாளர், பாடசாலையின்றிப் பிள்ளைகளை வளர்க்க விரும்பும் பெற்றோருக்காக ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். இன்றைய வீட்டுக் கல்வி இயக்கத்தின் ஊற்றுக்கண்களில் அது ஒன்று. பாடசாலை பிள்ளையின் இயல்பான ஆர்வத்தைக் கொன்றுவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஓரிடத்தில் மக்கள் பாடசாலையிலிருந்து வெளியேறும் வழியைத் தேட, இன்னோரிடத்தில் மக்கள் அப்போதுதான் அதன் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹோல்ற் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மிக நன்றாகக் கற்றவை பல, பாடசாலைக்கு வெளியேதான் கற்கப்பட்டன. மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மன்மதனும் ரதியும் வீரபத்திரனும் எமனும் தோட்டத்தின் சொந்தப் பிள்ளைகள். பாட்டைக் காதால் கேட்டே கற்கிறார்கள். தப்பின் அடிக்கேற்பக் கால் வைக்கப் பழக்குபவர் உள்ளூர்க் கூத்து வாத்தியார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூற்றுக்கணக்கான அடிகளை நினைவில் வைத்திருப்பார். மூத்தோரும் இளையோரும் ஒன்றாகச் சேர்ந்து கற்கும் இக்கல்விக்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. இவ்வாறு வாய்மொழியாக வாழ்ந்த பாடல்களைத் தொகுத்து அச்சேற்றிய பெருமை, தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளையைச் சாரும்.

ஆனால் இதைக் காட்டிப் பாடசாலை தேவையில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கூத்துக் கற்ற பிள்ளை பத்து வயதில் கூடையைத் தூக்கியது என்பதும் வரலாறுதான். பாடசாலையை விட்டு வெளியேறும் உரிமை, அது கையில் உள்ளவனுக்கே பொருந்தும். 1998 முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையும், 2016 முதல் பதினாறு வயது வரையும் பாடசாலைக் கல்வி இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு இச்சட்டம் ஒரு காவல்.

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட, மலையகப் பிள்ளைகள் விரும்பாமலே வீட்டுக் கல்விக்குத் திரும்பினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தால் அதுவே பெரிது. சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஆசிரியர்கள் சிலர் அச்சிட்ட தாள்களோடு லயங்களுக்கே சென்று, பிள்ளைகளைச் சிறு குழுக்களாக இருத்திப் பாடம் சொன்னார்கள். பழைய இஸ்தோப்புப் பள்ளி மீண்டும் கூடியது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடசாலையைக் காத்துக்கொண்டே, பாடத்தை அதன் மதிலுக்கு வெளியே கொண்டுபோக முடியும். பட்டிப்பொலவையே பாருங்கள். 1885இல் நானுஓயாவரை வந்த ரயில் பாதை, இவ்வுச்சியைக் கடந்து 1893இல் அப்புத்தளையை எட்டியது. அடுத்த சுரங்கத்துக்கு அப்பால் ஊவா மாகாணம். மேலே ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் இடம் அது. அருகே அம்பேவெலவில் பால் பண்ணைகள். புவியியல், வரலாறு, விஞ்ஞானம் மூன்றுக்கும் இதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்? ஒரு பேருந்தும், ஒரு நாளும், கூடச் செல்ல இரண்டு ஆசிரியர்களும் போதும். தூரத்து ஊர்களுக்குச் சுற்றுலா போகப் பணம் கட்ட முடியாமல் வீட்டில் நின்றுவிடும் பிள்ளையும் இதற்கு வரலாம்.

அன்று ரயில் புறப்பட்ட பின் அந்த இரண்டு பிள்ளைகளும் நிலையத்தின் பலகையருகே வந்தார்கள். இளையவள் அந்த எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எங்க ஊரா சேர், இவ்வளவு உயரம்?" என்று கேட்டாள். நாள்தோறும் அந்தப் பலகையைக் கடந்துதான் அவள் பாடசாலைக்குப் போகிறாள்.