திறந்த பூட்டு

என் மேசையில் 2013 மாடல் நெக்ஸஸ் 7 ஒன்று இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால், கூகுள் என்ற எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு திறந்த பூட்டு தெரியும். டேப்லெட் வாங்கப் போனால் நான் முதலில் விசாரிப்பது அந்தப் பூட்டைப் பற்றித்தான். திரை, ராம், கேமரா எல்லாம் அப்புறம்.

அந்தப் பூட்டு பூட்லோடரைக் குறிக்கிறது; கருவி விழித்ததும் ஆண்ட்ராய்டை எழுப்பிவிடும் சின்ன மென்பொருள் அது. அது பூட்டியிருந்தால், தயாரித்த நிறுவனத்தின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாது. அப்டேட் நின்ற நாளோடு கருவிக்கு வயதாகிவிடும்.

பூட்டு இல்லாததால் ஒரு டேப்லெட் பிழைத்த கதை 2011இல் நடந்தது. அந்த ஜூலை 1 அன்று ஹெச்பி நிறுவனம் டச்பேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடியது ஆண்ட்ராய்டு அல்ல, வெப்ஓஎஸ். 49 நாளில், ஆகஸ்ட் 18 அன்று, கடையைக் கட்டுவதாக அறிவித்தது. 499 டாலர் டேப்லெட்டை 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அள்ளிக்கொண்டு போனது கூட்டம். தாய் நிறுவனமே கைவிட்ட அந்தக் கருவியில் அக்டோபரிலேயே, ஆண்ட்ராய்டை மாற்றியமைத்து வெளியிடும் சயனோஜென்மோட் குழு அதை ஓடவிட்டது. சம்பளம் வாங்காத ஆட்கள் செய்த வேலை அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த ஆண்டுக் கடைசியில் வந்த ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மர் பிரைம் பூட்டோடு வந்தது. வாங்கியவர்கள் விடவில்லை, சத்தம் போட்டார்கள். 2012 பிப்ரவரியில், வாரண்டி போய்விடும் என்ற எச்சரிக்கையோடு, பூட்டைத் திறக்கும் செயலியை ஆசுஸே கொடுத்தது. வாடிக்கையாளர் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே ஆசுஸ் கூகுளுக்காகச் செய்ததுதான் நெக்ஸஸ் 7. முதல் மாடல் 2012, அடுத்தது 2013. என்னுடையதைத் திறந்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். பச்சை ஆண்ட்ராய்டு பொம்மை வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது. கணினியில் கேபிளைச் செருகி, 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்' என்று அடித்தேன். எல்லாத் தகவலும் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. அப்படி அழிப்பதற்குக் காரணம் உண்டு: திருடியவன் பூட்டைத் திறந்தாலும் நம் படங்களும் கடிதங்களும் அவன் கைக்குப் போகக் கூடாது.

என் நெக்ஸஸுக்குக் கூகுளின் அப்டேட் ஆண்ட்ராய்டு 6.0.1ஓடு நின்றது. 2016 டிசம்பரில் சயனோஜென்மோடும் மூடப்பட்டது. ஆனால் அதன் நிரல் பொதுவில் இருந்ததால், அதே மாதம் அதன் வாரிசாக லினியேஜ்ஓஎஸ் பிறந்தது. அதைப் போட்டுத்தான் நெக்ஸஸை அப்பாவிடம் கொடுத்தேன். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் பழைய நூல்களை எழுத்தைப் பெரிதாக்கி அதில்தான் வாசித்தார். அக்கா மகனுக்கு வாங்கிய இன்னொரு கம்பெனி டேப்லெட்டோ திரையில் ஒரு கீறல்கூட இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. அதைத் திறக்க வழியே இல்லை.

ஆனால் திறந்த கருவியில் சில வங்கிச் செயலிகள் ஓடாது. சாம்சங்கில் ஒருமுறை திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாகப் போய்விடும். அதனால் பணம் புழங்கும் கருவியை நான் தொடுவதில்லை. வாசிக்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருப்பதைத்தான் திறக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியின் பின்னால் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் பூட்டும் மாறலாம். அந்த எண் லினியேஜ்ஓஎஸ் ஓடும் கருவிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.