கலக்கிய நீரில் கட்ஜன்

குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான் என்று ஒருவனைச் சொன்னால் நம் நாட்டில் அது வசை. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரைப் படகுக்காரர்களுக்கோ, தெளிந்தோடும் நீரைத் தம் கையாலேயே குழப்பி, அந்தக் கலங்கலில் பிறரை மீன் பிடிக்கச் செய்வதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கௌரவமான ஜீவனோபாயமாக இருந்தது.

அந்த மீனுக்குக் கட்ஜன் என்று பெயர். நம் அயிரைக்கு அண்ணன் முறை சொல்லலாம்: நாலைந்து அங்குல நீளம், மங்கிய உடலில் வரிசையாகக் கரும்புள்ளிகள், வாயின் இரு கோடியிலும் ஒவ்வொரு மீசை. சரளைத் தரையை விட்டு மேலெழாமல், மீசையால் தடவித் தடவிப் புழுவையும் பூச்சியையும் தேடித் தின்பது அதன் சுபாவம். மாடுகள் நீர் குடிக்க இறங்கித் தரையைக் கலக்கிவிட்டால், விருந்து வைத்ததுபோல் அங்கே கூட்டமாக வந்து சேரும். 1653-இல் தூண்டிற்கலையைப் பற்றிப் பிரசித்தமான நூல் எழுதிய ஐசக் வால்டன், தூண்டில் பழகும் பாலர்களுக்கு ஏற்ற மீன் இதுவே என்று அபிப்பிராயப்பட்டார்.

ரிச்மண்ட், ட்விக்கன்ஹாம் துறைகளில் கோடைக்காலத்தில் கனவான்கள் குடும்பத்தோடும் சோற்றுக்கூடையோடும் வந்து, தட்டையடிப் படகையும் படகுக்காரரையும் அன்றைக்கு வாடகைக்கு அமர்த்திக்கொள்வார்கள். அவர் நதியின் குறுக்கே படகை நிறுத்தி, இரும்புப்பூண் இட்ட இரு கழிகளைத் தரையில் ஊன்றி அதைக் கட்டுவார். ஈயக்குண்டை விட்டு ஆழம் பார்த்துத் தக்கையைச் சரிசெய்வார். பிறகு நீண்ட கழி கோத்த கனமான இரும்பு வாரியைத் தூக்கிப் போட்டு, கற்கள் கரகரவென்று உரசும்படி அடிமண்ணைக் கிளறுவார். பழுப்பு மேகம்போல் வண்டல் எழுந்து நீரோட்டத்தோடு நகரும். அதற்குள் இரை தேடி மீன்கள் நுழையும். செம்புழு கோத்த சிறு தூண்டில் தரையை உராய்ந்துகொண்டே போகும்போது தக்கை இரண்டு முறை நடுங்கும், மூன்றாம் முறை முழுகிவிடும். கடி ஓய்ந்தால் இடம் மாறவேண்டியதில்லை, மறுபடியும் வாரிதான். டஜன் கணக்கில் சேரும் மீனை மொறுமொறுவென்று பொரித்துத் தின்பார்கள்.

எதையும் எளிதில் நம்பி விழுங்கும் ஏமாளியை ஆங்கிலேயர் 'கட்ஜன்' என்பார்கள். இடத்தைக் கண்டவரும், மீனைக் கூட்டியவரும், பெரும்பாலும் புழுவைக் கோத்துக் கொடுத்தவரும் படகுக்காரராயிருக்க, பத்து டஜன் பிடித்தேன் என்று கரையோர விடுதியில் மார்தட்டிய கனவானுக்கே அந்தப் பட்டம் பொருந்தும் என்பது என் கட்சி.

படகுக்காரரின் வித்தை வாரியோடு முடிந்ததன்று. 1811-இல் டெடிங்டனில் கட்டப்பட்ட மதகு வரையில் கடலின் ஓதம் ஏறி இறங்கும். எந்த வேளையில் எந்தச் சரளைத் திட்டின்மேல் எத்தனை அடி நீர் நிற்கும் என்பதை அவர் தம் உள்ளங்கை ரேகைபோல் அறிந்திருக்கவேண்டும். பழைய லண்டன் பாலத்தின் பருத்த தூண்கள் நதியை ஓர் அணைபோல் மறித்து, ஓதத்தின் வேகத்தை அடக்கிவைத்திருந்தன. 1831-இல் புதிய பாலம் திறக்கப்பட்டுப் பழையது இடிக்கப்படவே, ஓதம் தடையின்றி ஏறி, அதே வேகத்தில் வற்றலாயிற்று. மழை குறைந்த மாதங்களில் ரிச்மண்டின் எதிரே நதி சேற்றுக்கரைகளின் நடுவே ஒரு வாய்க்காலாய்ச் சுருங்கிக் கிடந்தது. வலைவீச்சைத் தடுக்கவென்று 1838-இல் தூண்டிற்காரக் கனவான்கள் சங்கம் கண்டு காவலாட்களை நியமித்தார்கள். வற்றிப்போகும் நீருக்குக் காவல் போட அவர்களாலும் ஆகவில்லை.

1894-இல்தான் ரிச்மண்டில் தூக்குக் கதவுகள் கொண்ட அணை திறக்கப்பட்டது. ஓதம் வற்றும்போது கதவுகள் இறங்கி, பாதி ஓதத்து ஆழத்தையாவது மேற்புறத்தில் நிறுத்திவைத்தன. சரளைத் தரைக்கு நீர் திரும்பிற்று. ஆனால் அதற்குள் உல்லாச நீராவிப் படகுகள் பெருகி, தூண்டிற்காரர்கள் எத்தனை புலம்பியும் கேளாமல், காலைமுதல் மாலைவரை நதியை இலவசமாகவே கலக்கிக்கொண்டிருந்தன.