சென்னையின் தெற்கில் சிறு வானொலி

சென்னையில் வானொலி ஒரு சங்கத்தின் முயற்சியாகத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியில் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாயிற்று. ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் வந்தது. கருவியின் திறன் 40 வாட், ஒரு குண்டு பல்பு எரியும் அளவு. பின்னர் அது 200 வாட் ஆயிற்று. இசையும் பேச்சும் நிகழ்ச்சிகளாயின. பணமில்லாமல் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. கிளப் தன் கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி மாலை வேளைகளில் இசை ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்ததால், வானொலிப் பெட்டி வாங்க முடியாதவர்களும் கச்சேரி கேட்டனர். ஒரு நகராட்சி தன் மக்களுக்குச் செய்த அரிய தொண்டு அது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்ததும் மாநகராட்சியின் பணி முடிந்தது.

அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு நிலையங்களுக்கு இடமில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறியது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. பேராசிரியர் ஆர். ஸ்ரீதருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது.

சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்டது 50 வாட் கருவியும், பொதுவாக 30 மீட்டருக்கு மிகாத கோபுரமும்தான். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், கட்டடமும் குன்றும் நிறைந்த இடங்களில் பத்து கிலோமீட்டர் கேட்டாலே நல்லது. கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் நேர்தொலைவு சுமார் 15 கிலோமீட்டர். தெற்கே, எஸ்.ஆர்.எம். நிறுவனம் முத்துச்சரம் சமுதாய வானொலியை நடத்திய காட்டாங்குளத்தூரும் தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய அதே தொலைவு. ஆகவே தாம்பரம் இரண்டு நிலையங்களுக்கும் விளிம்பூர். பரங்கிமலைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் கேட்கும் அலை, தாம்பரத்து வீட்டுக்குள் வரும்போது இரைச்சலில் கரைந்துவிடக் கூடும்.

இசை நிகழ்ச்சிகளை விதியும் செலவும் வடிவமைத்தன. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும், கூடுமானவரை அவர்கள் பேசும் மொழியில் அமைய வேண்டும் என்பது 2006 கொள்கை. திரைப்பாடலுக்குத் தடையில்லை, ஆனால் உரிமைத்தொகை உண்டு. அப்போது மணிக்கு 5 நிமிட விளம்பரத்தை மட்டும் நம்பிய நிலையத்துக்கு அது பெரும் சுமையாக இருந்தது. நாள் முழுதும் திரைப்பாடல் போடும் தனியார் பண்பலைகளோடு போட்டியிடவும் முடியாது. எனவே சிறு நிலையத்துக்கு உகந்த இசை பக்கத்துத் தெருவில் இருக்கிறது: தாலாட்டு, நடவுப்பாட்டு, கானா, பஜனை, பாட்டு வகுப்புப் பிள்ளைகளின் கீர்த்தனை. ரேஷன் கடை வரிசையில் பார்த்த முகம் வானொலியில் பாடும்போது கேட்பவரின் கவனமே வேறு. பெரிய நிலையம் எதுவும் இதைத் தர இயலாது. சிறு நிலையத்தின் உண்மையான செல்வம் இதுதான்.

விளம்பர நேரம் 2017இல் மணிக்கு 7 நிமிடமாகவும், 2024இல் 12 நிமிடமாகவும் உயர்ந்தது. அண்ணா எஃப்.எம். தொடங்கி இருபது ஆண்டுகள் ஆனதையொட்டி, தென்மாநிலச் சமுதாய வானொலிகளின் மாநாடு 2024 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே நடந்தது.