விடுவிக்கும் பொறுப்பு யாருடையது?

நிரல் வாங்கிய நினைவகத்தை யார் திருப்பிக் கொடுப்பது என்ற வழக்கு 1960-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில், லிஸ்ப் மொழியைப் பற்றிய கட்டுரையில் எம்.ஐ.டி.யின் ஜான் மெக்கார்த்தி ஒரு வழி சொன்னார். இடம் தீரும்வரை எதையும் தொட வேண்டாம். தீர்ந்ததும், நிரலால் இன்னும் எட்டக்கூடிய தரவுகளுக்கெல்லாம் குறியிட்டு, குறி விழாதவற்றை மொத்தமாக மீட்டுக்கொள்ளலாம். டிசம்பரில் ஐ.பி.எம்.மின் ஜார்ஜ் காலின்ஸ் அந்த வழியின் அழகைப் பாராட்டிவிட்டு, அது வீணாக்கும் இயந்திர நேரத்தையும் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு தரவுக்கும் எத்தனை சுட்டிகள் இருக்கின்றன என்று எண்ணி வைத்து, எண்ணிக்கை பூஜ்யமானதும் விடுவிப்பது அவர் வழி. அதன் பெரிய பலன் பிற்காலத்தில்தான் புலப்பட்டது: ஒரு தரவு எந்தத் தருணத்தில் விடுவிக்கப்படும் என்பது நிரலாளருக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்கிரிப்ட் மொழி சி மொழியின் தரவைக் கையில் எடுக்கும் இடத்தில் காலின்ஸின் வழியே மேலானது என்பது என் வாதம்.

காரணத்தை லுவாவில் பார்க்கலாம். 1993-ல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்த இந்தச் சிறிய மொழி, சி நிரல்களுக்குள் பொருத்தவென்றே செய்யப்பட்டது. இதன் துப்புரவு மெக்கார்த்தியின் வழியைச் சேர்ந்தது. ஒரு சி நூலகம் பெரிய படமொன்றைத் தன் நினைவகத்தில் விரித்து, அதன் முகவரியை மட்டும் லுவாவிடம் கொடுக்கிறது என்று கொள்வோம். லுவாவின் கண்ணுக்குத் தெரிவது சில பைட்டுகள்தான். கிடங்கு நிறைய மூட்டை கிடக்க, கணக்கர் மேசையில் ஒரு ரசீதை மட்டும் பார்ப்பதுபோல் அது அவசரமில்லை என்று முடிவு செய்கிறது. நினைவகமோ நிரம்பிக்கொண்டே போகிறது. தரவு மறையும்போது அழைக்க ஒரு செயல்கூற்றைப் பதிந்து வைக்கலாம். ஆனால் அது எப்போது அழைக்கப்படும் என்பதற்கு உறுதி கிடையாது. கடைசியில் 2020-ல் வந்த 5.4 பதிப்பு, தன் எல்லை முடிந்த கணமே மூடப்படும் மாறிகளை மொழியில் சேர்த்தது. ஸ்கிரிப்ட் மொழி அல்லாத ஜாவாவும் இதே இடத்தில்தான் இடறியது: இறுதிச் செயல்கூறுகளை நம்ப வேண்டாம் என்று 2017-ல் அறிவித்து, பின்னர் அவற்றை நீக்கவே முடிவெடுத்தது.

1991-ல் வெளிவந்த பைத்தான் எண்ணும் வழியைத் தேர்ந்தது. சி-யில் எழுதிய ஒரு தரவு வகைக்கு அதன் ஆசிரியர் ஒரு விடுவிப்புச் செயல்கூற்றை எழுதி வைத்தால், எண்ணிக்கை பூஜ்யமானதும் அது அங்கேயே ஓடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழியான எழிலின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. எழிலில் ஒரு மாணவர் உருவாக்கும் பட்டியல், அடியில் பைத்தானின் பட்டியலே. அதைத் துடைக்க அவர் கட்டளை எதுவும் எழுதுவதில்லை. காலின்ஸின் கணக்குதான் துடைக்கிறது. படப்பையிலிருந்து தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்குப் போய்ப் பைத்தான் எழுதும் நிரலாளரும் இதே கணக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எதிர்வாதங்கள் வலுவானவை. ஒன்றையொன்று சுட்டும் இரு தரவுகளின் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யமாகாது என்பது 1963-லேயே சுட்டிக்காட்டப்பட்டது. 2000 அக்டோபரில் வந்த பைத்தான் 2.0 வரை இத்தகைய வளையங்கள் தேங்கியே கிடந்தன. ஆனால் தீர்வாக வந்த சேகரிப்பான் எண்ணிக்கையை அகற்றவில்லை. எண்ணிக்கை தவறவிட்ட வளையங்களை மட்டும் அது தேடியது. சி-யில் எழுதுகிறவர் ஓரிடத்தில் கழிக்க மறந்தால் நினைவகம் கசியும், கூடுதலாகக் கழித்தால் நிரலே நொறுங்கும் என்பது இதைவிடக் கனமான குறை. அதை மறுக்க முடியாது. எனினும் அந்தப் பிழை தேடிப் பிடிக்கக்கூடிய ஒரு வரியில் இருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத துப்புரவில் சுட்டிக்காட்ட வரியே இல்லை.

பழைய சி நூலகங்கள் ஏராளம் என்பதால் பைத்தான் வேறு வழியின்றி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் எண்ணிக்கையைக் கைவிட்ட பைப்பை என்ற மாற்றுப் பைத்தான் இயக்கியில் திறந்த கோப்புகள் உடனே மூடப்படுவதில்லை. நிரலாளரே வெளிப்படையாக மூட வேண்டும் என்று அதன் கையேடு அறிவுறுத்துகிறது. பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடத் தடையாக இருந்த பூட்டை அகற்றும் முயற்சி 2024-ல் பைத்தான் 3.13-ல் சோதனையாக வெளிவந்தபோது, எண்ணிக்கையைத் தூக்கி எறிய நல்ல வாய்ப்பு இருந்தது. வடிவமைத்தவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரு தரவை உருவாக்கிய இழைக்குத் தனி எண்ணிக்கை, மற்ற இழைகளுக்குப் பொதுவாக இன்னொன்று என்று காலின்ஸின் கணக்கை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.